ஐரோப்பாவில் அம்மா அப்பாவை எடுப்பது: ஒன்றியச் சட்டத்தின் வழி, படிப்படியாக

"அம்மாவை எடுக்கலாமா?" என்று, அதாவது ஊரிலிருந்து தன்னோடு வாழ வரவழைக்கலாமா என்று, கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது? நீங்கள் வாழ்வது எந்த நாட்டில்? இரண்டுக்கும் ஒரே நாடுதான் விடை என்றால் அந்த நாட்டின் சொந்தச் சட்டம் உங்களை ஆளும், பெரும்பாலான நாடுகளில் அது கடினமான வழி. விடைகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் இரண்டு வெவ்வேறு நாடுகளாக இருந்தால், அந்த ஒன்றியத்தின் 2004/38 இலக்கப் பணிப்பாணை உங்களுக்குப் பொருந்தும். அதில் பெற்றோருக்கான இடம் அதிகாரியின் இரக்கத்தைப் பொறுத்ததாக எழுதப்படவில்லை. நிபந்தனை நிறைந்தால் அவர்கள் தந்தே ஆகவேண்டும்.

கோபன்ஹேகனில் வாழும் டேனிஷ் குடியுரிமைத் தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயது கடந்த பெற்றோரை எடுக்கும் உரிமையை டென்மார்க் 2002-இல் நீக்கிவிட்டது. அதே ஆள் பாலத்தைத் தாண்டி சுவீடனின் மால்மோ நகரில் வேலையோடு குடியேறினால், தன்னில் தங்கிவாழும், அதாவது தன் பண உதவியால் வாழும், தாயை அங்கே எடுக்கலாம். விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் ஒன்றியச் சட்டம் காப்பது எல்லை தாண்டி வாழும் சுதந்திரத்தை. எல்லை தாண்டாதவரைப் பற்றி அது பேசுவதில்லை.

முதலில்: இந்த வழி உங்களுக்கு உண்டா

ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஒன்றின் குடியுரிமை உங்களுக்கு இருக்க வேண்டும், இன்னொன்றில் நீங்கள் வாழ வேண்டும். நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பியப் பொருளாதார வலய ஒப்பந்தத்தால் இதே விதிகளுக்குள் வருகின்றன. சுவிட்சர்லாந்துக்குத் தனி ஒப்பந்தம்: அங்கே வாழும் ஒன்றியக் குடியுரிமைக்காரரும் தங்கிவாழும் பெற்றோரை எடுக்கலாம், ஆனால் குடும்பத்துக்குப் போதிய வீடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூட வரும். பிரித்தானியா வெளியேறிவிட்டது, 2020 டிசம்பர் 31-க்கு முன்பே அங்கு குடியிருந்த ஒன்றியக் குடியுரிமைக்காரருக்கு மட்டும் பழைய உரிமையின் மீதம் இருக்கிறது.

நிரந்தர வதிவிடம், உயர்திறன் பணியாளருக்கான நீல அட்டை, அகதி அந்தஸ்து ஆகிய எதுவும் குடியுரிமைக்கு ஈடாகாது. இரட்டைக் குடியுரிமைக்காரர் கவனிக்க: வாழும் நாட்டின் குடியுரிமையும் உங்களுக்கு இருந்து, வேறெந்த உறுப்பு நாட்டிலும் நீங்கள் வாழ்ந்ததே இல்லை என்றால் இந்தச் சட்டம் உதவாது. மாறாக, பிரெஞ்சுக்காரராக ஜேர்மனிக்கு வந்து வாழ்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமலே ஜேர்மன் குடியுரிமையும் எடுத்தவருக்கு உரிமை போய்விடாது. லூன்ஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் இதைச் சொல்லிவிட்டது. அதிகாரிகள் பலருக்கு இது தெரியாது என்பதால் வழக்கின் இலக்கத்தைக் கடிதத்தில் எழுதுங்கள்: சி-165/16.

வேலையோ சுயதொழிலோ செய்பவருக்கு வழி எளிது. பகுதிநேர வேலையும் போதும், அது பெயருக்குச் செய்யும் வேலையாக இல்லாதவரை. தொழிலாளியிடம் இவ்வளவு சம்பளம் இருக்கவேண்டும் என்று சட்டம் எல்லை வைக்கவில்லை. வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழ்பவர் என்றால், பெற்றோரையும் சேர்த்துப் போதிய வருவாயும் முழுமையான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். மாணவராக மட்டும் இருப்பவருக்குத் துணைவர், பிள்ளைகள் வரைதான் முழு உரிமை. பெற்றோர் விடயத்தில் அரசு "வசதி செய்து கொடுக்க" மட்டுமே கடமைப்பட்டது. ஆகவே படிப்பு முடிந்து வேலை தொடங்கும்வரை பொறுப்பது நல்லது.

யாருடைய பெற்றோர்? உங்களுடையவரும், உங்கள் கணவர் அல்லது மனைவியுடையவரும். தாத்தா பாட்டியும் நேர்மேல் வரிசை என்பதால் அடங்குவர். சித்தி, மாமா, அக்கா, தம்பி இந்த வரிசையில் இல்லை; அவர்களுக்கு வேறு, பலவீனமான பிரிவு ஒன்று உண்டு.

சொந்த நாட்டிலேயே வாழ்பவர்களுக்கு

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதம். பிரான்ஸ் ஓரளவு தாராளம்: பாரிஸிலோ வேறிடத்திலோ வாழும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரரில் தங்கிவாழும் பெற்றோருக்கு அங்கே தனி நீண்டகால விசாவும் 10 ஆண்டு அட்டையும் உண்டு. புதுச்சேரி, காரைக்காலில் பெற்றோரை விட்டு வந்த பிரெஞ்சுத் தமிழர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இத்தாலி தன் குடிமக்களின் குடும்பத்துக்கும் ஒன்றிய விதிகளையே நீட்டியிருக்கிறது. ஜேர்மனியில் குடியுரிமைக்காரரும் சரி, மற்றவரும் சரி, வதிவிடச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ் "அசாதாரணமான கடுந்துன்பம்" என்று நிறுவ வேண்டும். பெற்றோர் தனித்து வாழவே முடியாத நிலையில் இருக்கிறார், அந்தப் பராமரிப்பு ஜேர்மனியில் உள்ள பிள்ளையால் மட்டுமே முடியும் என்று காட்டுவது மிகக் கடினம்.

அதே பிரிவில் ஒரு புதுக் கதவு திறந்திருக்கிறது. 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பின்னோ முதன்முறையாக நீல அட்டையோ திறன்பணியாளர் அனுமதியோ பெற்றவர் தன் பெற்றோரையும், துணைவரும் ஜேர்மனியில் நிலையாக வாழ்ந்தால் அவருடைய பெற்றோரையும் எடுக்கலாம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன மென்பொருள் பொறியாளர்களுக்கு இதுதான் பொருந்தும். சட்டம் எளிதாகத் தெரியும், தடுக்கி விழும் இடம் மருத்துவக் காப்பீடு. வாழ்வாதாரம் முழுக்க உறுதியாக இருக்க வேண்டும், அதில் காப்பீடும் சேரும், முதியவருக்கு அதற்குரிய காப்பீடு விலை கூடியது.

இனி வருவதெல்லாம் ஒன்றியச் சட்டத்தின் வழியில் போவோருக்கு.

தங்கிவாழ்தல்: வழக்கு வெல்வதும் தோற்பதும் இங்கேதான்

உறவு, உங்கள் வதிவிடம், பெற்றோர் உங்களில் தங்கிவாழ்தல் என மூன்றை நிறுவ வேண்டும். முதல் இரண்டும் பத்திரம் எடுத்தால் முடிந்துவிடும். மூன்றாவதுக்குப் பத்திரம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. மாதம் மாதமாக நீங்களே உருவாக்க வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

சட்டம் கேட்பது என்ன? 2007-இன் ஜியா வழக்கிலும் (சி-1/05) 2014-இன் ரேயஸ் வழக்கிலும் (சி-423/12) நீதிமன்றம் வரைந்த கோடு இது: பெற்றோர் தம் நாட்டில், விண்ணப்பிக்கும் நேரத்தில், அடிப்படைத் தேவைகளைத் தம் சொந்த வருவாயால் ஈடுகட்ட முடியாமல் உங்களுடைய அல்லது உங்கள் துணைவருடைய பண உதவியில் வாழ வேண்டும். ஏன் அந்த நிலை வந்தது என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை. வேலை தேடிப் பார்த்தாரா, அரச உதவிக்கு விண்ணப்பித்தாரா என்பதும் பொருத்தமற்ற கேள்விகள். நிறுவும் வழி எதுவாகவும் இருக்கலாம். உள்நாட்டு அரச அலுவலகச் சான்று ஒன்றுதான் வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. ஆனால் "இனிமேல் பார்த்துக்கொள்வேன்" என்ற உறுதிமொழிக் கடிதத்தை மட்டும் கொடுத்தால், அது போதாது என்று அவர்கள் சொல்லலாம்.

பலரும் விழும் முதல் குழி உண்டியல், அதாவது வங்கியை விட்டு முகவர் மூலம் காசு அனுப்பும் முறை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மணி நேரத்தில் கையில் காசு சேரும், மாற்று விகிதமும் நல்லது, ஆனால் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது. பத்து ஆண்டு உண்டியலில் அனுப்பியவரைவிட பத்து மாதம் வங்கியில் அனுப்பியவரின் கோப்பு பலமானது. விடுமுறைக்குப் போகும்போது கையில் கொடுத்ததும் கணக்கில் வராது.

அனுப்பும் முறையில் கவனிக்க வேண்டியவை:

- அனுப்புபவர் பெயர் உங்களுடையதாக அல்லது துணைவருடையதாக இருக்க வேண்டும். நண்பரின் கணக்கிலிருந்து போனது உங்கள் உதவி ஆகாது.
- பெறுபவர் பெயர் அம்மாவுடையதாக அல்லது அப்பாவுடையதாக இருக்க வேண்டும். ஊரில் உள்ள தம்பியின் கணக்குக்கு அனுப்பி, அவர் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு பெரும் சிக்கல். அம்மாவுக்குக் கணக்கு இல்லையென்றால் முதல் வேலையாக அதைத் திறக்கச் சொல்லுங்கள்.
- மாதத்தில் ஒரே காலப்பகுதியில், ஏறக்குறைய ஒரே தொகை. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் ஒரே தடவையில் போன 5,000 யூரோ சந்தேகத்தைத்தான் கிளப்பும்.
- குறிப்புப் பகுதியில் "பராமரிப்பு" என்று நீங்கள் வாழும் நாட்டின் மொழியில் எழுதுங்கள்.
- அம்மாவின் வங்கிக் கூற்றையும் எடுங்கள். பணம் வந்ததை மட்டும் காட்டினால் போதாது, செலவானதும் தெரிய வேண்டும். அனுப்பிய காசு தொடப்படாமல் குவிந்து கிடந்தால், "இவருக்கு அது தேவைப்படவில்லையே" என்று எழுதுவார்கள்.

எத்தனை மாதம் என்று சட்டத்தில் எண் இல்லை. "ஒழுங்காக, குறிப்பிடத்தக்க காலம்" என்பதே ரேயஸ் தீர்ப்பின் பொருள். ஆறு மாதத்தோடு ஏற்கும் அலுவலகமும் உண்டு, இரண்டு ஆண்டு கேட்பதும் உண்டு. பன்னிரண்டு மாதம் இருந்தால் வாதாடலாம்.

அடுத்தது வரவு செலவுக் கணக்கு. இதைப் பலர் தவறவிடுகிறார்கள், உண்மையில் கோப்பில் மிகப் பயனுள்ள ஒரு பக்கம் இதுதான். உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்தில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற தாய்க்கு மாதம் 40,000 ரூபா ஓய்வூதியம் என்று வைப்போம். சாப்பாடு 35,000, மின்சாரம், தண்ணீர், காஸ் 8,000, மருந்து 15,000, வீட்டு உதவிக்கு வருபவருக்கு 25,000. மொத்தம் 83,000. துண்டு விழுவது 43,000. மகள் அனுப்புவது மாதம் 45,000 என்றால் தங்கிவாழ்தல் ஒரே பார்வையில் தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் பற்றுச்சீட்டு இணையுங்கள். வீட்டு உதவிச் சம்பளத்தை ஆடம்பரம் என்று தள்ளக்கூடும் என்பதால், தனியே நடமாட முடியாது என்ற மருத்துவர் கடிதம் கூடவே இருக்க வேண்டும். ஓய்வூதியம் இருப்பதாலேயே விண்ணப்பம் தோற்காது, அது போதாது என்று காட்டினால் சரி. ஓய்வூதியத்தை மறைத்தால்தான் தோற்கும்.

சொந்த வீட்டில் வாழ்வது தடையில்லை. சுவரைச் சாப்பிட முடியாது. வாடகை வரும் இரண்டாவது வீடு, நிலையான வைப்பில் கிடக்கும் இலட்சங்கள், காணி விற்ற காசு ஆகியவைதான் கேள்வியைக் கொண்டுவரும். கடைசி நேரத்தில் அவற்றைத் தம்பி பெயருக்கு மாற்றி எழுதுவது நிலையை இன்னும் மோசமாக்கும்: சட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். கனடாவில் இருக்கும் அண்ணாவும் அனுப்புகிறார் என்றால் அதையும் கணக்கில் எழுதுங்கள். உங்கள் பங்கு இல்லாமல் அடிப்படைத் தேவை நிறைவேறாது என்பது மட்டும் தெளிவாகத் தெரியட்டும். ஊரில் வேறு பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது.

நோய் பற்றி ஒரு சொல். அம்மாவுக்கு முடியவில்லை, பார்க்க ஆள் இல்லை என்பது உள்நாட்டுச் சட்டங்களில் முக்கியமான வாதம். ஒன்றியச் சட்டத்தில் பெற்றோருக்குக் கேட்கப்படுவது பொருள் உதவி. மருத்துவ அறிக்கைகளை மருந்துச் செலவுக்குச் சான்றாக இணையுங்கள், கோப்பை அவற்றாலேயே நிரப்பாதீர்கள்.

இலங்கையில் கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு, நல்ல துணைச்சான்று. "நன்னடத்தை உடையவர்" என்று எழுதி வாங்குவதில் பயன் இல்லை. யாரோடு வசிக்கிறார், என்ன வருமானம், யார் பராமரிக்கிறார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெறும் வருமானச் சான்றிதழ் அதே வேலையைச் செய்யும்.

உறவுச் சான்றும் பெயர்ச் சிக்கலும்

வேண்டியது உங்கள் பிறப்புச் சான்றிதழ், அதில் தாய் தந்தை பெயர். துணைவரின் பெற்றோர் என்றால் அவருடைய பிறப்புச் சான்றிதழும் உங்கள் திருமணச் சான்றிதழும். சொல்ல இவ்வளவுதான், ஆனால் தமிழ்ப் பெயர்கள் ஐரோப்பியப் படிவத்துக்குள் அடங்குவதில்லை. தகப்பன் பெயர் முதற்பெயராகவும் குடும்பப் பெயராகவும் மாறி மாறி வரும். ஒரே சிவலிங்கம் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தாயின் பெயர் சான்றிதழில் கன்னிப் பெயராகவும் கடவுச்சீட்டில் கணவர் பெயரோடும் நிற்கும். எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர், இவை அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் அல்லது நொத்தாரிசு முன் முடியுங்கள். அதிகாரி கேட்கும்வரை காத்திருந்தால் அது மறுப்புக் கடிதமாகத்தான் வரும்.

போரில் பதிவேடு அழிந்தவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் அல்லது காலங்கடந்த பதிவு இருக்கும். அதோடு பாடசாலைப் பதிவு, பழைய குடும்ப அட்டை போன்ற இன்னும் இரண்டு மூன்று பழைய ஆவணங்களைச் சேருங்கள். மரபணுப் பரிசோதனையை அவர்கள் கேட்டால் செய்யலாம், தாமாக முந்திக்கொள்ளத் தேவையில்லை.

பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அகதியாக வந்த காலத்தில் விசாரணையில் கொடுத்த பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விபரம் அந்த நாட்டுக் கோப்பில் இன்றும் இருக்கிறது. அப்போது "தாய் இறந்துவிட்டார்" என்று எழுதியிருந்தால், இப்போதைய விண்ணப்பம் அந்த வரியில் போய் முட்டும், சில வேளை உங்கள் குடியுரிமையையே கேள்விக்குள்ளாக்கும். இப்படி ஒன்று இருந்தால் படிவத்தைத் தொடும் முன் வழக்கறிஞரிடம் போங்கள்.

இலங்கை ஆவணங்களுக்கு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தல் பெறலாம். ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்கான சான்று முத்திரையே அப்போஸ்டில்; இந்தியா அந்த உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது, ஆயினும் ஜேர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. தூதரகம் தானே விசாரித்துச் சரிபார்க்கும், அதற்கு மாதங்கள் ஆகும். ஒன்றியத்தின் வழிகாட்டலின்படி, மொழி புரியாவிட்டால் அல்லது உண்மைத்தன்மையில் சந்தேகம் இருந்தால்தான் மொழிபெயர்ப்போ உறுதிப்படுத்தலோ கேட்கலாம். கேட்பார்கள் என்று எண்ணியே தயாராகுங்கள், வாழும் நாட்டில் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது இருமுறை செலவழிப்பதைத் தவிர்க்கும்.

விசா

நீங்கள் வாழும் நாட்டின் தூதரகத்தில் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். நுழைவு விசா கட்டணமின்றி, விரைவு முறையில் தரப்பட வேண்டும் என்பது பணிப்பாணையின் 5-ஆம் பிரிவு. நான்கு வாரத்துக்கு மேல் போவது நியாயமற்ற தாமதம் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2009-இன் வழிகாட்டலிலேயே சொன்னது. வி.எஃப்.எஸ். போன்ற இடைநிலை மையத்தின் சேவைக் கட்டணம் செலுத்த விரும்பாதவர் தூதரகத்தில் நேரடியாகக் கொடுக்கலாம். நடைமுறையில் அந்த நேர ஒதுக்கீடு கிடைக்கவே மின்னஞ்சல் போராட்டம் வேண்டியிருக்கும், அவசரமானவர் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போவதே மேல்.

ஷெங்கன் விசாப் படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட கேள்விகளை ஒன்றியக் குடியுரிமைக்காரரின் குடும்பத்தினர் நிரப்பத் தேவையில்லை. ஒன்றியக் குடியுரிமை உறவினரின் விபரம் கேட்கும் பகுதியை நிரப்பி, உறவு என்ற இடத்தில் தங்கிவாழும் நேர்மேல் உறவினர் என்பதைக் குறியுங்கள். அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் சாதாரணச் சுற்றுலா விண்ணப்பமாக எடுத்து, "திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லை" என்று மறுப்பார்கள். குடும்பத்தினருக்கு அந்தக் காரணமே பொருந்தாது. விடுதிப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, வங்கி இருப்பு, பயணக் காப்பீடு எதுவும் கேட்க முடியாது. விரல் அடையாளம் மட்டும் கொடுக்கத்தான் வேண்டும்.

சில தூதரகங்கள், "இங்கேயே வாழப் போகிறார் என்றால் நீண்டகாலக் குடும்ப விசா எடுங்கள்" என்று திருப்பி அனுப்பும். அது தவறு, ஒன்றியச் சட்டம் நுழைவு விசாவை மட்டுமே கேட்க அனுமதிக்கிறது. இதற்காகவே ஒரு பக்க முகப்புக் கடிதம் வேண்டும். யார் யாருக்கு என்ன உறவு, நீங்கள் எந்த நாட்டுக் குடியுரிமையோடு எங்கே வேலை செய்கிறீர்கள், பெற்றோர் எப்படித் தங்கிவாழ்கிறார், இணைத்த ஆவணங்களின் இலக்கமிட்ட பட்டியல், 2004/38-இன் 2, 3, 5 ஆகிய பிரிவுகளின் பெயர். இதற்கு மேல் எழுதாதீர்கள். கூடவே உங்கள் கடவுச்சீட்டுப் பிரதி, முகவரிப் பதிவு, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு.

வந்து இறங்கிய பிறகு

முதல் மூன்று மாதம் கடவுச்சீட்டைத் தவிர நிபந்தனை இல்லை. அதற்குள் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள், பல நகரங்களில் நேரம் கிடைக்கவே இரண்டு மாதம் போகும். எல்லையில் முத்திரை குத்தியிருந்தால் அந்தப் பக்கத்தையும், விமானச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஜேர்மனியில் குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, பின் வெளிநாட்டவர் அலுவலகம். நெதர்லாந்தில் மாநகரசபைப் பதிவு, பிறகு குடிவரவு அலுவலகமான ஐ.என்.டி.யில் "ஒன்றியச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்" விண்ணப்பம்; கடவுச்சீட்டில் ஒரு ஒட்டி கிடைக்கும். பெல்ஜியத்தில் கொம்யூன் என்ற உள்ளூராட்சி அலுவலகத்தில் '19 தெர்' என்ற படிவம் தருவார்கள், விடுபட்ட ஆவணங்களைக் கொடுக்க மூன்று மாதம் உண்டு. அந்த வட்டாரப் பொலிஸார் வீட்டுக்கு வந்து ஆள் உண்மையில் வசிக்கிறாரா என்று பார்ப்பார். அழைப்புமணியில் அம்மாவின் பெயரையும் ஒட்டி வையுங்கள். பெயர் இல்லாததால் "வசிக்கவில்லை" என்று எழுதிப் போன சம்பவங்கள் குறைவில்லை.

விண்ணப்பித்ததற்கான சான்றை உடனே தர வேண்டும், அட்டை ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். காத்திருக்கும்போது விசா முடிந்தாலும் தங்கும் உரிமை முடியாது. ஆனால் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்ப முயலக் கூடாது, விமான நிலையத்திலேயே ஏற்ற மறுப்பார்கள். அட்டை பொதுவாக ஐந்து ஆண்டுக்கு. அதோடு வேலை செய்யும் உரிமையும் உண்டு, அம்மா பிறகு எங்காவது சம்பாதித்தால் முன்பு தங்கிவாழவில்லை என்று ஆகிவிடாது.

மருத்துவக் காப்பீட்டை இப்போதே யோசியுங்கள். தொழிலாளியின் பெற்றோருக்குக் காப்பீடு வதிவிட உரிமையின் நிபந்தனை அல்ல, ஆனால் எழுபது வயதில் ஒரு இரவு மருத்துவமனையில் கிடந்தாலே பில் ஆயிரங்களில் வரும். நெதர்லாந்து இதில் சுலபம்: அங்கு வசிப்பவர் நான்கு மாதத்துக்குள் அடிப்படைக் காப்பீடு எடுத்தாக வேண்டும், வயதையோ நோயையோ காட்டி நிறுவனம் மறுக்கவும் முடியாது, விலை கூட்டவும் முடியாது. பிரான்சில் மூன்று மாதம் நிலையாக வாழ்ந்த பின் பொதுக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஜேர்மனியில் பொதுக் காப்பீட்டின் இலவசக் குடும்பப் பிரிவு துணைவரையும் பிள்ளைகளையும் மட்டுமே ஏற்கும், பெற்றோரை ஏற்காது. அதனால் அங்கு போகிறவர் பயணச்சீட்டு வாங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எந்த நாடானாலும், விசாவுக்குத் தேவையில்லை என்று விட்ட பயணக் காப்பீட்டை முதல் சில மாதங்களுக்கு எடுத்தே விடுங்கள். ஏற்கெனவே உள்ள நீரிழிவையும் இதய நோயையும் அது விலக்கியிருக்கிறதா என்று சிறிய எழுத்தில் பாருங்கள்.

சமூக உதவிப் பணம் எடுத்தால் அம்மாவின் அட்டை போய்விடுமா என்ற பயம் பலருக்கு. 2023 டிசம்பர் 21 அன்று, அயர்லாந்தில் வாழ்ந்த ஒரு ருமேனியத் தாயின் வழக்கில் (சி-488/21) நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தொழிலாளியில் தங்கிவாழும் பெற்றோருக்கு அத்தகைய உதவியை, "இனி நீ பிள்ளையில் தங்கவில்லை, அரசில் தங்குகிறாய்" என்று சொல்லி மறுக்கவோ, அதனால் வதிவிடத்தைப் பறிக்கவோ முடியாது. வேலை செய்யாமல் சொந்தப் பணத்தில் வாழும் பிள்ளையின் பெற்றோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

மறுத்தால்

மறுப்பு எழுத்தில், காரணத்தோடு, எங்கே எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதோடு வர வேண்டும். கடிதம் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாள். பல நாடுகளில் அது ஒரு மாதந்தான், சிலவற்றில் அதிலும் குறைவு. உறவு இல்லை, தங்கிவாழவில்லை, மோசடி, பொது ஒழுங்கு, பொதுப் பாதுகாப்பு அல்லது பொதுச் சுகாதாரம் என்பவற்றுக்கு வெளியே எழுதப்பட்ட காரணம் எதுவானாலும் அதை உடைக்கலாம். "சான்று போதாது" என்பதே பெரும்பாலும் வரும் காரணம், அப்போது மேன்முறையீட்டைவிட இன்னும் நான்கைந்து மாதம் ஒழுங்காக அனுப்பி, கணக்கைச் சீராக்கி, புதிதாக விண்ணப்பிப்பதே விரைவு. விசாவுக்குக் கட்டணம் இல்லை என்பது இங்கே உதவுகிறது.

சட்டத்தையே தவறாகப் பிரயோகித்திருந்தால், நீண்டகால விசா கேட்பது போல, சொல்விட் என்ற ஒன்றிய வலையமைப்பிடம் இணையத்தில் முறையிடலாம். இலவசம், பத்து வாரத்தில் முடிக்க முயல்வார்கள். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபின் அவர்கள் எடுக்க மாட்டார்கள். அதே வேளை, அவர்களிடம் முறையிட்டதால் மேன்முறையீட்டு நாள் நின்றுவிடாது. இரண்டில் எது என்பதை அந்த நாள் முடியும் முன்பே தீர்மானியுங்கள்.

அட்டை வந்த பின் கவனிக்க

ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் நின்றால் அட்டை செல்லாமல் போகலாம். கடும் நோய் போன்ற முக்கிய காரணத்துக்கு ஒரே தடவை 12 மாதம்வரை இடமுண்டு. குளிர்காலம் முழுக்க யாழ்ப்பாணத்தில் என்று திட்டமிடும் அம்மாமார் நாட்களை எண்ணிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வதிவிடம், அதன்பின் தொடர்ந்து இரண்டு ஆண்டு வெளியே நின்றால்தான் அது போகும். அதற்கு முன் நீங்கள் அந்த நாட்டை விட்டுப் போனால் அம்மாவின் உரிமையும் உங்களோடு போகும். துணைவரின் பெற்றோர் என்றால் விவாகரத்தும் அதே ஆபத்தைக் கொண்டுவரும்.

சொந்த நாட்டுக்கே அம்மாவோடு திரும்பலாமா? திரும்பலாம். சுரிந்தர் சிங் என்ற 1992-ஆம் ஆண்டு வழக்கின் பெயரால் இந்த வழியை அழைப்பார்கள். 2014-இன் ஓ. மற்றும் பி. தீர்ப்பு (சி-456/12) அதற்கு நிபந்தனை வகுத்தது: மற்ற நாட்டில் மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே குடியிருந்திருக்க வேண்டும், குடும்ப வாழ்வு அங்கே உருவாகியோ வலுப்பட்டோ இருக்க வேண்டும். அதாவது மால்மோவில் அம்மாவும் உங்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், வார இறுதிப் பயணங்கள் சேராது. வாடகை ஒப்பந்தம், மின்சாரப் பில், வரிப் பதிவு, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், அம்மாவின் அட்டை, மருத்துவர் பதிவு ஆகியவற்றை அங்கிருந்து புறப்படும் முன்பே திரட்டி எடுத்துவாருங்கள். திரும்பியவுடனேயே, அம்மாவோடு சேர்ந்து, விண்ணப்பத்தைப் போடுங்கள். நீங்கள் முதலில் போய் அம்மா ஓராண்டு கழித்து வந்தால், இடையில் குடும்ப வாழ்வு தொடர்ந்ததா என்ற புதுக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.